பதிப்புரிமையும் அறமும்: வன்னிநாட்டு வாய்மொழி இலக்கியத்தை முன்வைத்து ஒரு நோக்கு

முள்ளியவளையில் வாழும் கமக்காரர் ஒருவருக்கு இருவகைச் செல்வங்கள் உள என்று கொள்வோம். ஒன்று, தந்தைவழியாக அவர் பெற்ற வயல். மற்றையது, அதே தந்தை வயல்வேலையின்போது பாடக் கேட்டுத் தாமும் பாடப் பழகிக்கொண்ட குருவிப்பள்ளு. வயலுக்கு உறுதி உண்டு, எல்லைக்கல் உண்டு, பிணக்கு நேரின் தீர்த்துவைக்க நீதிமன்றம் உண்டு. பள்ளுக்கு இவையொன்றும் இல்லை. அயலூரார் ஒருவர் வந்து அவ்வயலில் விதைப்பாராயின் ஊரே திரண்டு கேள்வி எழுப்பும். அவரே பள்ளைக் கேட்டு மனப்பாடஞ் செய்து தம்மூரிற் பாடுவாராயின் எவரும் அதனைக் களவு என்னார். பெருமை என்றே கொள்வர். ஆயின் அதே பாடலைப் பிறிதொருவர் ஒலிப்பதிவு செய்து, ஆக்கியோன் என்ற இடத்தில் தம் பெயரைப் பொறித்து விலைக்கு விடுவாராயின் ஊரவர் மனத்தில் ஏதோவொன்று உறுத்தும். அயலூரார் பாடியபோது உறுத்தாதது இப்பொழுது உறுத்துவானேன்? புலமைச் சொத்துப் பற்றிய சட்டங்களின் அடிப்படைத் தத்துவத்தை ஆராய முற்படுவோர்க்கு இவ்வினாவே நல்லதொரு தொடக்கமாகும்.

நிலத்துக்கும் பாட்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை வன்னி மக்களுக்கு விளக்கவேண்டுவதில்லை. இரணைமடுவின் கீழோ முத்தையன்கட்டின் கீழோ பயிர்செய்வோர் நீர்ப்பங்கீடு யாதென நன்கறிவர். ஒருவரது வயலுக்குப் பாய்ந்த நீர் மற்றவரது வயலுக்கு இல்லை. ஆகவேதான் முறைவைத்துத் துருசு திறக்கவும், முறை தவறியவரைக் கண்டிக்கவும் வட்டவிதானை வேண்டியவராகின்றார். பாட்டோ அத்தகையதன்று. நூறுபேர் பாடினும் முதலிற் பாடியவரிடமிருந்து ஒரு சொல்லும் குறைவதில்லை. இயல்பிலே வற்றாத ஒன்றைக் குளத்துநீர்போற் கருதி அதற்குத் துருசு அமைத்து, ஒருவர் கையிலே திறப்பைக் கொடுப்பதுதான் பதிப்புரிமைச் சட்டம் செய்யும் காரியம். இது செயற்கையான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. செயற்கையானது என்பதனாலேயே தவறானது என்று கூறிவிடவும் இயலாது. குளமுங்கூட மனிதன் கட்டியதே. எப்பயிரை விளைவித்தற்காக இத்துருசு கட்டப்பட்டது என்பதே கேட்கவேண்டியது.

வரலாறு இதற்கு ஓரளவு விடை தருகின்றது. இங்கிலாந்தில் ஆன் அரசியின் காலத்தில், 1710ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டமே இத்துறைச் சட்டங்களுக்கெல்லாம் தாய் எனக் கொள்ளப்படுகின்றது. அதற்கு முன்னர் நூல்களை அச்சிடும் உரிமை இலண்டன் நூல்வணிகர் கையில் குவிந்து கிடந்தது. புதிய சட்டம் அவ்வுரிமையை ஆக்கியோனுக்கு வழங்கியது. புதிய நூல்களுக்குப் பதினான்கு ஆண்டுகளும், ஆக்கியோன் உயிரோடிருப்பின் மேலும் பதினான்கு ஆண்டுகளும் என எல்லையும் வகுத்தது. கற்றோரை எழுதத் தூண்டுதலே அதன் வெளிப்படையான நோக்கமாகும். காலவெல்லையை ஏற்க மனமில்லாத வணிகர், உரிமை என்றும் நிலைப்பது என வாதாடினர். 1774இல் டொனால்ட்சன் எதிர் பெக்கெற் வழக்கிலே பிரபுக்கள் சபை அவ்வாதத்தை நிராகரித்தது. அன்றுதொட்டுப் பதிப்புரிமை என்பது ஒரு பேரம் எனலாம். சமுதாயம் சிலகாலம் தன் கையைக் கட்டிக்கொள்கின்றது; அதற்கு ஈடாகப் புதிய நூல்களைப் பெறுகின்றது; காலம் முடிந்ததும் நூல் எல்லார்க்கும் பொதுவாகின்றது.

இலங்கையில் 1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கச் சட்டம் இவ்வுரிமையை ஆக்கியோனின் ஆயுட்காலத்துக்கும் அதன்பின் ஐம்பது ஆண்டுகளுக்கும் வழங்கியது. அதனிடத்தைப் பெற்ற 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஐம்பதை எழுபதாக உயர்த்தியது. இறந்தவர் ஒருவரை மேலும் இருபது ஆண்டுகள் ஊக்குவிப்பதன்மூலம் அவரிடமிருந்து எத்தகைய புதிய நூலை எதிர்பார்க்கலாம் என்பது விளங்கவில்லை. பேரத்தின் ஒரு பக்கம் மட்டும் வளர்ந்துகொண்டே செல்கின்றது என்பதை இங்கு சுட்டி அப்பாற் செல்லலாம்.

இவ்வுரிமைக்கு அறவடிப்படை காட்ட முயன்றோர் பெரும்பாலும் மூன்று நியாயங்களுள் ஒன்றைப் பற்றிக்கொண்டனர். உழைப்பு ஒன்று, ஆளுமை ஒன்று, ஊக்கம் ஒன்று. மேற்கூறிய பேரம் ஊக்கத்தைச் சார்ந்தது. இவை தனியொருவர் அறையிலிருந்து எழுதிய நாவலுக்கு ஓரளவு பொருந்துவன. வன்னியின் கூத்துக்கு எவ்வளவு பொருந்துவன என்று நோக்கும்போதே அவற்றின் வலிமையும் நலிவும் தெளிவாகின்றன.

உழைப்பை முதலில் நோக்குவோம். பொதுவாய்க் கிடந்த நிலத்திலே ஒருவன் தன் உழைப்பைக் கலந்தால் அது அவனுடையதாகின்றது என்றார் ஜோன் லொக். மற்றவர்க்கும் போதிய அளவும் தரமுமான பங்கு எஞ்சவேண்டும் என்னும் நிபந்தனையையும் அவர் விதித்தார். முல்லைத்தீவுப் பகுதியிலே ஆடப்பட்டுவரும் கோவலன் கூத்தை எடுத்துக்கொள்வோம். அதன் கதை இளங்கோவடிகளின் காப்பியத்துக்குரியது. ஆயினும் கூத்திற் காணப்படும் கோவலனும் கண்ணகியும் காப்பியத்தின் அச்சான பிரதிகளல்லர். பலநூறாண்டு மக்கள் வாயிற் புழங்கித் திரிந்தவர்கள். மதுரையை எரித்த கண்ணகி இலங்கைக்கு வந்து பல இடங்களில் தங்கிப் பத்தாவதாகத் தங்கிய பளையே வற்றாப்பளை ஆயிற்று என வன்னி மக்கள் கூறுவர். இதிற் கலந்த உழைப்பு யாருடையது? பாட்டைக் கட்டியவருடையதா, அதனை ஏட்டிற் பெயர்த்தெழுதியவருடையதா, ஏடு அழிந்தபோது நினைவிலிருந்து மீட்ட அண்ணாவியாருடையதா, விடிய விடிய ஆடி அதனை உயிரோடு வைத்திருந்த ஊரவருடையதா? உழைப்பு என்னும் அளவுகோல் இவர்களை வேறுபிரித்துக் காட்டவல்லதன்று. மேலும், இளங்கோவின் உரிமை இன்றும் நிலைத்திருக்குமாயின் கோவலன் கூத்தே தோன்றியிராது. இன்று தன் கூத்தைப் பிறர் எடுத்துக்கொண்டனர் என வருந்தும் ஊர், அக்கூத்தைத் தானும் பிறரிடமிருந்தே எடுத்துக்கொண்டது.

ஆளுமைவாதம் இன்னும் நெருங்கி நோக்கத்தக்கது. ஒருவனது விருப்பமும் உள்ளமும் புறப்பொருளில் உருப்பெறுதலே சொத்து எனக் கருதியவர் ஹெகல். நூல் ஆசிரியனின் பிள்ளை. அதனைச் சிதைப்பது அவனைச் சிதைப்பதாகும் என்னும் உணர்வு இக்கருத்துக்கு அண்மையது. வன்னியில் வழங்கும் அரியாத்தை கதையை நினைவுகூரலாம். யானையைப் பிடித்துக் கட்டிய வீரப்பெண் அவள், வேலப்பணிக்கனின் மனைவி. அவள்மீது பாடப்பட்ட ஒப்பாரி உண்டு; அக்கதையே கூத்தாகியது; வேழம்படுத்த வீராங்கனை என நாடகமும் ஆகியது. ஒப்பாரியை முதலிற் பாடிய நெஞ்சம் எவருடையதென அறியோம். ஆயினும் அதனைக் கேட்போர் அதில் ஓர் ஆளைக் காணாமலில்லை. ஓர் ஊரைக் காண்கின்றனர். சட்டம் தேடும் தனியாள் இங்கில்லை என்பதனால் ஆளுமையே இல்லை என்று முடிவுசெய்தல் பொருந்தாது. ஆயின் ஊர் என்பது பிறந்தும் இறந்தும் பெயர்ந்தும் மாறிக்கொண்டிருப்பது. அதற்கு இறந்த ஆண்டு என ஒன்றில்லை. எழுபது ஆண்டுகளை எங்கிருந்து எண்ணுவது?

ஊக்கத்தைப் பற்றி நீளக் கூறவேண்டுவதில்லை. கூத்தும் பள்ளும் ஏற்கனவே தோன்றிவிட்டன. எவரும் பதிப்புரிமையை எதிர்பார்த்து அவற்றைப் பாடவில்லை.

மூன்று நியாயங்களும் தளர்ந்துவிட்டன. எனினும் முதலிற் கூறிய உறுத்தல் தளரவில்லை. இலங்கைச் சட்டத்தை ஆக்கியோரும் இதனை உணர்ந்திருத்தல் வேண்டும். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு நாட்டார் வழக்காற்று வெளிப்பாடுகளுக்கெனத் தனிப் பாதுகாப்பு வழங்குகின்றது. நாட்டார் கதை, பாடல், விடுகதை, இசை, ஆடல், நாடகம், கைப்பணி ஆகியன அதிலடங்கும். வணிக நோக்குடனோ, மரபுவழிச் சூழலுக்குப் புறம்பாகவோ அவற்றைப் பிரதிசெய்வதற்கும் ஒலிபரப்புவதற்கும் தழுவுவதற்கும் அனுமதி பெறவேண்டும். நேர்முகக் கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும் விலக்கு உண்டு. பயன்படுத்துவோர், அது எச்சமூகத்திலிருந்து அல்லது எவ்விடத்திலிருந்து பெறப்பட்டதோ அதனைக் குறிப்பிடவும் வேண்டும்.

இப்பிரிவின் ஈற்றிற் கூறிய கடமை போற்றத்தக்கது. அனுமதியளிக்கும் உரிமை யாரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது என்று நோக்கும்போதுதான் ஏமாற்றம் எழுகின்றது. அது ஊரிடம் இல்லை. அமைச்சர் குறித்துரைக்கும் அதிகாரியிடம் உள்ளது. அறவிடப்படும் கட்டணம் பண்பாட்டு வளர்ச்சிக்குச் செல்லவேண்டும் என்கிறது சட்டம். பாடிய ஊருக்குச் செல்லவேண்டும் என்று கூறவில்லை. முள்ளியவளையாரின் கூத்தை ஒருவர் படமாக்க விரும்பின் தலைநகரிலுள்ள அதிகாரியிடம் அனுமதி பெற்றாற் போதும்; முள்ளியவளையாரை ஒரு வார்த்தை கேட்கவேண்டுவதில்லை. தன் பண்பாட்டை அரசு எவ்வாறு நோக்குகின்றது என்பதிலே நீண்டகால ஐயங்கொண்ட ஒரு சமூகத்துக்கு இது வெறும் நிர்வாகக் குறைபாடாகத் தோன்றாது.

அரசு இத்துறையிலே வேறுவிதமாகவும் நடக்கலாம் என்பதற்குத் தமிழகம் சான்று தருகின்றது. பாரதியாரின் பாடல்கள் அவர் மறைவுக்குப்பின் தனியார் சொத்தாகி, இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் அவற்றைப் பயன்படுத்தும் உரிமை ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரின் கையில் இருந்தது. பாரதி நாட்டுக்குரியவர் என்ற குரல் எழவே, 1949இல் சென்னை அரசு உரிமையைத் தன்வசப்படுத்தியது. செட்டியார் தம்மிடமிருந்த உரிமையை விலையின்றி விட்டுக்கொடுத்தார். பின்னர் அரசு பாடல்களைப் பொதுமக்களுக்கே உரியனவாக்கியது. அங்கு அரசு உரிமையைப் பெற்றது விடுவிப்பதற்காக. இங்கு 24ஆம் பிரிவின்கீழ் அரசு உரிமையைப் பெற்றிருப்பது வைத்திருப்பதற்காக. முதலிலிருந்தே பொதுவாய் இருந்த பாட்டுக்குப் புதிதாக ஓர் உடைமையாளர் ஏற்படுத்தப்பட்டுள்ளார் என்பதே உண்மை.

அங்ஙனமாயின் ஊருக்கு உரியது யாது? தமிழ் இலக்கண மரபு இதற்குச் சட்டத்தினும் தெளிவான விடை வைத்திருக்கின்றது. முதனூல், வழிநூல், சார்புநூல் எனப் பகுத்த நம் முன்னோர் வழிநூல் செய்தலைக் குற்றமாகக் கருதவில்லை. ஆயினும் நூலின் பாயிரத்திலே ஆக்கியோன் பெயருடன் நூல் வந்த வழியையும் கூறவேண்டும் என விதித்தனர். எடுப்பதற்குத் தடையில்லை, எடுத்த இடத்தை மறைப்பதற்குத்தான் தடை. சங்கச் செய்யுள்களைத் தொகுத்தோர் ஒருபடி மேலே சென்றனர். பெயர் மறைந்துபோன புலவனையும் பெயரின்றி விடாது அவன் பாடிய உவமையாலேயே பெயரிட்டழைத்தனர். குறுந்தொகைச் செம்புலப்பெயனீரார் அவ்வாறு பெயர்பெற்றவர். விலை கொடுக்கவேண்டும் என்று அத்தொகுப்பாளர் கருதியிருக்கமாட்டார். பெயர் கொடுக்கவேண்டும் என்று கருதினர். குருவிப்பள்ளை விற்றவர் செய்த தவறும் இதுவே. அவர் பாடலை எடுத்துச்செல்லவில்லை. பாடல் இன்னும் ஊரிலேதான் இருக்கின்றது. ஊரின் பெயரை எடுத்துச்சென்றுவிட்டார்.

இதற்கு மறுப்பு எழலாம். பெயரைக் கூறிவிட்டால் எதையும் எதற்கும் பயன்படுத்தலாமா? வைகாசி விசாகப் பொங்கலையொட்டி வற்றாப்பளைக் கண்ணகையம்மனுக்குரிய வழிபாடுகள் பாக்குத்தெண்டலில் தொடங்குகின்றன. கடலிலிருந்து தீர்த்தம் எடுத்துவந்து முள்ளியவளைக் காட்டா விநாயகர் ஆலயத்தில் அக்கடல்நீரில் விளக்கேற்றுவர். பின்னர் மடைப்பண்டம் வற்றாப்பளைக்குச் செல்லும். இவ்வழிபாட்டோடு சேர்த்துப் பாடப்படும் பாடலொன்றை எடுத்து, முள்ளியவளையின் பெயரையும் ஒழுங்காகக் குறிப்பிட்டு, மதுபான விளம்பரத்துக்கு இசையாக்கினால் ஊரவர் மனம் ஆறுமா? ஆறாது. இம்மறுப்பு வலிமையுடையது. இதனை முற்றாக விடுவிப்பது எளிதன்று. சில பாடல்களுக்கு இடமும் காலமும் உண்டு. அவற்றைப் பேணும் பொறுப்பும் பரம்பரையாகச் சிலரிடம் உண்டு. அத்தகையவற்றிலே, கூடாது என்று கூறும் உரிமை ஊருக்கு இருத்தல் நியாயமே. ஆயின் அது வழிபாட்டுத் தூய்மையைக் காக்கும் உரிமை. அதனை உடைமை என்று பெயரிட்டு, எல்லாப் பள்ளுக்கும் சிந்துக்கும் கூத்துக்கும் விரித்தல் வேறு. தடுக்கும் உரிமையை விரித்துக்கொண்டே செல்வதில் ஓர் ஆபத்து உண்டு. அதனை வன்னி மிகுந்த விலைகொடுத்து அறிந்துகொண்டது.

கூத்தின் ஏட்டைத் தன் பெட்டியிலே பூட்டிவைத்து, அயலூர் அண்ணாவியாருக்குக் கொடுக்கத் தயங்குவது வழக்கத்தில் இல்லாததன்று. தமிழ் நூற்பதிப்பு முன்னோடிகளும் இத்தயக்கத்தோடு போராடினர். 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர், வீட்டுப் பரண்களிலே செல்லுக்கு இரையாகிக்கொண்டிருந்த ஏடுகளைத் தேடி அலைந்த வரலாறு யாவரும் அறிந்ததே. கொடுக்க மறுத்தோர் அவற்றைத் தம் சொத்தெனக் கருதியே மறுத்தனர். வன்னியிலோ செல்லினும் கொடியது வந்தது. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து 2009 மே வரை மக்கள் கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் எனக் கிழக்கு நோக்கித் தள்ளப்பட்டனர். எஞ்சியோர் ஈற்றிலே செட்டிகுளத்து மெனிக்பாம் முகாம்களைச் சென்றடைந்தனர். ஒவ்வோர் இடப்பெயர்விலும் சுமை குறைந்துகொண்டே வந்தது. அரிசிப்பையையும் குழந்தையையும் தூக்குபவர் ஏட்டுப்பெட்டியைத் தூக்கமாட்டார். ஒரே பிரதியாய் இருந்தவை பதுங்குகுழிகளிலும் தெருவோரங்களிலும் போயின. வேறோர் ஊரில், வேறொருவர் கொப்பியில், ஒலிநாடாவில், அச்சிட்ட புத்தகத்தில் இரண்டாம் பிரதியாய் இருந்தவை பிழைத்தன. முன்னொருகால் அனுமதியின்றிப் பெயர்த்தெழுதிச் சென்றவர், எவரும் எண்ணாத வகையிலே ஊருக்கு உதவியவரானார்.

பிரதிசெய்தலையே தீங்காகக் கருதி, அதனின்றும் காப்பதற்கென வகுக்கப்பட்டதே பதிப்புரிமைச் சட்டம். வாய்மொழி இலக்கியத்துக்கு நேரும் தீங்கு பிரதிசெய்யப்படாமையே. ஆகவே கொண்டுசென்றவர் ஊருக்குக் கடன்பட்டிருப்பது கட்டணமன்று. பெயரைக் கூறுதலும், எடுத்ததன் பிரதியொன்றை ஊரிலேயே கொண்டுவந்து வைத்தலுமேயாம். கூத்துப் பாடல்களைத் தேடி ஊர்களுக்குச் செல்லும் பல்கலைக்கழக மாணவரும் ஆய்வாளரும் இக்கடனிலிருந்து விலக்குப் பெற்றவரல்லர். ஆராய்ச்சிக்குச் சட்டம் விலக்களிக்கின்றது. ஊர் அளிக்கவேண்டும் என்பதில்லை. ஒலிப்பதிவு செய்துகொண்டு சென்று பட்டமும் பெற்றபின், அப்பதிவு பாடிய முதியவரின் வீட்டுக்குத் திரும்பி வந்ததுண்டா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்வது நன்று.

ஆக்கியோன் பெயர் தெரிந்த நூல்களின் நிலையோ இன்னும் இடர்மிக்கது. போர்க்காலத்திலே கிளிநொச்சியிலும் அதன் சூழலிலும் கவிதை, சிறுகதை, வரலாறு எனப் பல நூல்கள் வெளிவந்தன. குறைந்த எண்ணிக்கையில் அச்சிடப்பட்டவை அவை. புனைபெயரில் எழுதினோர் பலர். 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகள், ஈழத்து நூல்களைத் தேடி மின்வடிவிலே பேணிவருகின்றன. நூலொன்றை எல்லாரும் வாசிக்க வெளியிடுவதற்கு உரிமையாளரின் இசைவு வேண்டும். 2009இல் இறந்த ஓர் எழுத்தாளரின் நூலுக்குப் பதிப்புரிமை 2079 வரை உண்டு. உரிமை வாரிசுக்குச் செல்கின்றது; வாரிசும் அதே போரில் இறந்திருக்கலாம், கடல்கடந்திருக்கலாம், இப்படியொரு நூல் இருப்பதையே அறியாதிருக்கலாம். எவருக்கும் வருவாய் தராத, எவரும் அனுமதி தர எஞ்சியிராத உரிமையொன்று நூலின்மேல் எழுபது ஆண்டுகள் பூட்டாகத் தொங்குகின்றது. துருசின் திறப்பு தொலைந்துவிட்டது, வயல் காய்கின்றது.

இறந்தவர் நூலுக்கேனும் எண்ணத் தொடங்குவதற்கு ஓர் ஆண்டு உண்டு. காணாமற்போனவரின் நூலுக்கு அதுவும் இல்லை. அவருடைய கவிதைத் தொகுதியை மறுபதிப்புச் செய்ய விரும்பும் ஒருவர், இசைவு கேட்டு அவருடைய தாயிடம் செல்வதாகக் கொள்வோம். தாய் வாரிசு என்ற முறையிற் கையொப்பமிடுவதற்கு மகன் இறந்திருத்தல் வேண்டும். காணாமற்போனோரின் இறப்பைப் பதிவுசெய்ய 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. அச்சான்றிதழைப் பெற மறுத்துத் தெருவோரக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்காக அமர்ந்த தாய்மாரை வன்னி அறியும். அதன்பின் 2016இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், இறந்தார் எனக் கூறாது, ஆளைக் காணவில்லை என்று மட்டும் கூறும் சான்றிதழுக்கு இடமளித்தது. காணாமற்போனவரின் சொத்தைத் தற்காலிகமாகப் பராமரித்தற்கும் அது வழிகாட்டுகின்றது. கவிதை அச்சொத்தில் அடங்குமா, அதனை மறுபதிப்புச் செய்ய இசைதல் பராமரித்தலாகுமா என்பன சட்டவறிஞர் விடுவிக்கவேண்டிய வினாக்கள். அவர்கள் விடுவிக்கும்வரை அத்தாய் செய்யக்கூடியது ஒன்றுண்டு. தன்னிடம் எஞ்சியுள்ள ஒரேயொரு பிரதியை வந்தவரிடம் கொடுத்து, மகனின் பெயரைப் பிழையின்றி அச்சிடுமாறும், அச்சிட்டபின் அப்பிரதியைத் தன்னிடமே திருப்பிக் கொண்டுவந்து தருமாறும் அவள் கேட்கலாம்.